சொந்த மெயில் சர்வர்: மெயில் சரியாக வந்து சேர, சரியாகப் போய்ச் சேர

மதுரை கீழமாசி வீதியில் என் மாமாவுக்கு வத்தல், பருப்பு மொத்த வியாபாரம். தினமும் காலையில் அன்றைய விலைப்பட்டியலை காரைக்குடி, சிவகங்கை, தேனி பக்கத்துக் கடைகளுக்கு மெயிலில் அனுப்புவார்கள். நான் அவர்களுக்குச் சொந்தமாக மெயில் சர்வர் அமைத்துக் கொடுத்த முதல் வாரமே ஆர்டர் குறைந்துவிட்டது. ஒரு கடைக்காரர் போன் செய்து, "என்ன அண்ணாச்சி, பட்டியல் அனுப்புறத நிறுத்திட்டீகளா?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. அத்தனையும் ஸ்பாமில் போய் விழுந்திருந்தது. சர்வரில் மென்பொருள் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இந்தச் சர்வர் யாருடையது, இதற்கு என்ன உரிமை என்று வெளியுலகத்துக்குச் சொல்லும் டிஎன்எஸ் (இணையத்தின் பெயர், முகவரிப் புத்தகம்) ரெக்கார்டுகளில் பாதியை நான் போடவே இல்லை.

புதிதாக இறங்குகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். லினக்ஸ் சர்வர், மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ், அதைப் பெட்டியிலிருந்து படிக்கக் கொடுக்கும் டவ்காட் என்று வைத்துக்கொள்கிறேன். உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட எக்ஸாம்பிள்.காம் என்ற டொமைனையும் 203.0.113.25 என்ற ஐபி முகவரியையும் இங்கே எடுத்துக்கொள்வோம். பெயர்களை இங்கே தமிழில் எழுதுகிறேன். கோப்பில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதல் படி: இடமும் பெயரும்

வீட்டு பிராட்பேண்டில் இதைத் தொடங்காதீர்கள். ஐபி மாறிக்கொண்டே இருக்கும். சர்வருக்கும் சர்வருக்கும் இடையே மெயில் போகிற 25ஆம் போர்ட்டும் (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) பெரும்பாலும் அடைத்துத்தான் இருக்கும். நிலையான ஐபி உள்ள விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) எடுங்கள். அங்கேயும் சிலர் 25ஐ அடைத்து வைத்திருப்பார்கள், அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

சர்வருக்கு மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்று பெயர் வையுங்கள். அந்தப் பெயரைத் தேடினால் ஐபி வர வேண்டும். அது ஏ ரெக்கார்டு. ஐபியைத் தேடினால் அதே பெயர் திரும்ப வர வேண்டும். அது பிடிஆர் ரெக்கார்டு. நான் கோட்டை விட்ட முதல் இடம் இந்த பிடிஆர்தான். டொமைன் வாங்கிய இடத்தில் அதைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஐபி யாருக்குச் சொந்தமோ அவர்களிடம்தான், அதாவது விபிஎஸ் கொடுத்தவர்களின் பக்கத்தில்தான், அதைப் போட முடியும். சர்வருக்கு ஐபிவி6 என்ற புதுவகை முகவரியும் இருந்தால் அதற்கும் தனியாக பிடிஆர் வேண்டும். அது முடியாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸைப் பழைய வகையான ஐபிவி4 வழியாக மட்டும் அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: வெளியிலிருந்து வரும் வழி

கடைப் பெயர் மட்டும் தெரிந்தால் மூட்டை வந்து சேராது. எந்த பார்சல் ஆபீஸில் இறக்க வேண்டும் என்றும் அனுப்புகிறவருக்குத் தெரிய வேண்டும். மெயிலுக்கு அதைச் சொல்வது எம்எக்ஸ் ரெக்கார்டு. எக்ஸாம்பிள்.காமுக்கு வரும் மெயிலை மெயில்.எக்ஸாம்பிள்.காமில் இறக்கு, முன்னுரிமை எண் 10 என்று போட்டால் போதும். எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு முன்னுரிமை. எம்எக்ஸ் காட்டுவது ஒரு பெயராகத்தான் இருக்க வேண்டும். நேராக ஐபியையோ, சிநேம் மாற்றுப்பெயரையோ அங்கே போடக்கூடாது.

இரண்டாவதாக ஒரு காப்பு எம்எக்ஸ் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். சிறிய கடைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் சர்வர் ஒரு ராத்திரி படுத்துவிட்டாலும் அனுப்பிய சர்வர் மெயிலை வைத்திருந்து மறுபடி மறுபடி முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் தானாகவே 5 நாள் வரை முயலும். கவனிப்பில்லாத காப்பு சர்வர் ஸ்பாம்காரர்களுக்குப் பின்வாசல் ஆகிவிடும்.

மூன்றாம் படி: உள்ளே பிரித்துக் கொடுப்பது

மெயில் வாசலுக்கு வந்துவிட்டது. இனி யாருக்குப் போக வேண்டும் என்று போஸ்ட்ஃபிக்ஸ் முடிவு செய்ய வேண்டும். அதன் கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில், மைடெஸ்டினேஷன் என்ற வரியில் லோக்கல்ஹோஸ்டும் சர்வரின் பெயரும் மட்டும் இருக்கட்டும். எக்ஸாம்பிள்.காமை வர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டொமைன்ஸ் என்ற வரியில் போடுங்கள். ஒரே டொமைனை இரண்டு வரியிலும் போட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் குழம்பும், லாகில் (சர்வரின் நடப்புப் பதிவேட்டில்) எச்சரிக்கையும் வரும்.

விலைப்பட்டியலுக்கென்று ஒரு பொது முகவரி வைத்து, அதற்கு வருவது மாமாவுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் போகிற மாதிரி வர்ச்சுவல் ஏலியஸ் கோப்பில் ஒரு வரி எழுதினேன். கோப்பை மாற்றிய ஒவ்வொரு தடவையும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் பழைய பட்டியலே தொடரும். போஸ்ட்மாஸ்டர் என்ற முகவரி கட்டாயம் இருக்க வேண்டும். அதற்கு வருவதை யாராவது ஒருவர் படிக்கவும் வேண்டும்.

நான்காம் படி: யார் அனுப்பலாம்?

இங்கே தவறினால் ஸ்பாமில் விழுவதோடு நிற்காது. உங்கள் சர்வரே ஸ்பாம் அனுப்பத் தொடங்கி, ஐபி கறுப்புப்பட்டியலில் ஏறிவிடும். பாஸ்வேர்டு இல்லாமலே யார் அனுப்பலாம் என்று சொல்லும் மைநெட்வொர்க்ஸ் வரியில் 127.0.0.0/8 (அதாவது இதே சர்வர்) மட்டும் இருக்கட்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து மெயில் போகவில்லை என்று அவசரப்பட்டு 0.0.0.0/0 போட்டுவிடாதீர்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வர் வழியாக அனுப்பலாம் என்று வாசலைத் திறந்து வைப்பது அது.

ஆட்கள் மெயில் அனுப்ப 587 அல்லது 465 போர்ட். 587இல் ஸ்டார்ட்டிஎல்எஸ், அதாவது இணைந்த பிறகு மறையாக்கம் தொடங்கும். 465இல் தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் மறையாக்கம். இரண்டிலும் பாஸ்வேர்டு கேட்க வேண்டும். 25இல் பாஸ்வேர்டு உள்நுழைவே வேண்டாம், அது மற்ற சர்வர்களுக்கான வாசல். போஸ்ட்ஃபிக்ஸ் பாஸ்வேர்டைத் தானே சரிபார்க்காது, டவ்காட்டிடம் கேட்கச் சொல்ல வேண்டும். அதற்கு எஸ்ஏஎஸ்எல் (உள்நுழைவைச் சரிபார்க்கும் முறை) வகையை டவ்காட் என்று மாற்றி, இரண்டும் பேசிக்கொள்ளும் சாக்கெட்டின் பாதையை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொடுங்கள். இணைப்பு மறையாக்கம் ஆகும் முன் பாஸ்வேர்டு வாங்காதே என்ற வரியையும் மறக்காமல் போடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. 2025 ஜனவரியில் வந்த டவ்காட் 2.4இல் கான்ஃபிக் எழுதும் முறையே மாறிவிட்டது. பழைய 2.3க்கான வரிகளைப் பார்த்து அப்படியே ஒட்டினால் டவ்காட் எழும்பாது. முதலில் உங்கள் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்

மண்டியில் வத்தல் மூட்டை வந்து இறங்கியதும் மாமா மூன்று பார்வை பார்ப்பார். கொண்டு வந்த லாரி வழக்கமான லாரிதானா? மூட்டை வாயில் போட்ட சணல் தையல் பிரிபடாமல் இருக்கிறதா? மூட்டையில் எழுதிய பெயரும் சீட்டில் உள்ள பெயரும் ஒன்றுதானா? அதற்குப் பிறகுதான் குத்தூசியை எடுப்பார். மெயிலை வாங்குகிற சர்வரும் இதே மூன்றைத்தான் பார்க்கிறது.

லாரியைப் பார்ப்பது எஸ்பிஎஃப். இந்த டொமைன் பெயரில் எந்த ஐபிகள் அனுப்பலாம் என்று டிஎன்எஸ்ஸில் ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டு. "வி=எஸ்பிஎஃப்1 எம்எக்ஸ் ~ஆல்" என்று தொடங்குங்கள். எங்கள் எம்எக்ஸ் சர்வர் அனுப்பலாம், மற்றதைச் சந்தேகமாகப் பார் என்று அதற்குப் பொருள். எல்லாம் சரியானதும் அலைக்குறியைக் கழித்தல் குறியாக மாற்றலாம். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. அதைச் சரிபார்க்க டிஎன்எஸ்ஸில் 10 தேடலுக்கு மேல் தேவைப்பட்டாலும் செல்லாது.

தையல் பிரிபடவில்லை என்று காட்டுவது டிகிம். ஒவ்வொரு மெயிலின் உள்ளடக்கத்துக்கும் முக்கியமான தலைப்பு வரிகளுக்கும் சர்வர் ஒரு கையெழுத்துப் போடுகிறது. வழியில் யாராவது உள்ளே கைவைத்தால் கையெழுத்து பொருந்தாது. ஓப்பன்டிகிம் அல்லது ஆர்ஸ்பாம்டி என்ற மென்பொருள் கொண்டு 2048 பிட் சாவி ஜோடி உருவாக்குங்கள். தனிச்சாவி சர்வரை விட்டு வெளியே போகக்கூடாது. பொதுச்சாவியை, எந்தச் சாவி என்று அடையாளம் காட்டும் செலக்டர் பெயரோடு டிஎன்எஸ்ஸில் போடுங்கள். டெக்ஸ்ட் ரெக்கார்டில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான் கொள்ளும், இந்தச் சாவியோ அதைவிட நீளம். அதனால் தனித்தனி மேற்கோள் குறிக்குள் இரண்டு துண்டாகப் போட வேண்டியிருக்கும். போட்ட பிறகு, டிஎன்எஸ்ஸில் தேடிப் பார்க்கும் டிக் கட்டளையால் திரும்ப எடுத்து, சாவிக் கோப்போடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நான் ஒட்டும்போது கடைசி நாலு எழுத்து விடுபட்டு, அதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது போனது.

பெயர் பொருத்தம் டிமார்க். எஸ்பிஎஃப் பார்ப்பது உறைமேல் இருக்கும் முகவரியை, அதாவது சர்வர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் அனுப்புநர் முகவரியை. படிக்கிறவர் கண்ணில் படும் ஃப்ரம் முகவரி அது இல்லை. எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது தேறி, அதன் டொமைனும் ஃப்ரம் முகவரியின் டொமைனும் பொருந்த வேண்டும் என்பதே டிமார்க். மெயிலை ஒருவர் வேறொரு முகவரிக்குத் தானாக ஃபார்வர்டு செய்தால் எஸ்பிஎஃப் பெரும்பாலும் உடைந்துவிடும், டிகிம் பெரும்பாலும் தாங்கும். அதனால் இரண்டையும் போடுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றுமே கட்டாயம். குறைவாக அனுப்புகிறவர்களுக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம், கூடவே பிடிஆர், டிஎல்எஸ் வேண்டும்.

டிமார்க்கை முதல் நாளே 'ரிஜெக்ட்' (தேறாததை வாங்காதே) என்று வைக்காதீர்கள். எதுவும் செய்யாதே என்று பொருள்படும் 'நன்' கொள்கையில் வைத்து, அறிக்கை வர ஒரு முகவரி கொடுங்கள். எங்களுக்கு இரண்டாம் வாரமே அறிக்கையில் தெரியாத ஐபி ஒன்று தென்பட்டது. "மாப்ளே, நம்ம பேர்ல யாருய்யா அனுப்புறது?" என்று மாமா பதறிவிட்டார். விசாரித்தால், கணக்குப்பிள்ளை பில் போடச் சேர்ந்திருந்த ஒரு சேவை எங்கள் டொமைன் பெயரிலேயே வாடிக்கையாளருக்கு பில் அனுப்பிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ரிஜெக்ட் வைத்திருந்தால் ஒரு பில்கூடப் போய்ச் சேர்ந்திருக்காது. அந்தச் சேவையை எஸ்பிஎஃப்பில் சேர்த்து, அவர்கள் கொடுத்த டிகிம் சாவியையும் டிஎன்எஸ்ஸில் போட்டோம்.

ஆறாம் படி: சோதனை

உங்கள் ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பி, மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்துங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் எதிரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும். அப்புறம் அங்கிருந்து பதில் அனுப்பி, அது பெட்டிக்கு வருகிறதா என்று பாருங்கள். கடைசியாக, பாஸ்வேர்டு கொடுக்காமல் வெளி இணைப்பிலிருந்து உங்கள் 25ஆம் போர்ட்டுக்குப் போய், வேறு டொமைனுக்கு ஒரு மெயில் அனுப்பப் பாருங்கள். 'ரிலே அக்சஸ் டினைடு' என்று மறுத்தால் வாசல் பூட்டியிருக்கிறது.

மெயில் தங்கினால் லாகைப் படியுங்கள். 4இல் தொடங்கும் எண் வந்தால் கொஞ்சம் பொறுத்து வா என்று பொருள். சர்வர் தானே மறுபடி முயலும். 5இல் தொடங்கினால் மறுத்துவிட்டார்கள், காரணம் பக்கத்திலேயே எழுதியிருக்கும். புது ஐபியிலிருந்து முதல் நாளே முந்நூறு பேருக்கு அனுப்ப வேண்டாம். வழக்கமாக எங்களுக்குப் பதில் போடும் இருபது கடைகளில் நாங்கள் தொடங்கி, வாரம் கொஞ்சமாகக் கூட்டினோம். அறிக்கைகளில் நான்கு வாரம் தொடர்ந்து நம்முடைய ஐபிகள் மட்டும் தெரிந்தபின் டிமார்க்கை 'குவாரன்டைன்' (தேறாததை ஸ்பாமில் ஒதுக்கு) ஆக்கினேன். காரைக்குடிக்காரரிடம் போன் செய்து கேட்டேன், பட்டியல் காலை ஏழு மணிக்கே இன்பாக்ஸில் வந்து கிடக்கிறதாம்.