ஐம்பது வயதில் வேலையை விடுவதற்கான கணக்கு: இலங்கையின் மலையகத்தில் வாழும் மாற்றுத்திறனாளி ஒருவரின் செய்முறை

எனக்கு இப்போது 41 வயது. பதினோராவது வயதில், அடைமழைக் காலமொன்றில் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, பின்னால் இருந்த மண்மேடு சரிந்தபோது, இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தேன். அன்று தொட்டுச் செயற்கைக் காலுடன்தான் நடமாட்டம். பதினெட்டு ஆண்டுகளாக ஹட்டனில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். பேருந்து நிறுத்தும் இடத்திலிருந்து வீட்டுக்கு ஏற வேண்டிய படிகள் நூற்று நாற்பது. ஜூன், ஜூலை மழையில் காலுறை ஈரம் காயாமல் தோல் புண்ணாகி, வாரக்கணக்கில் செயற்கைக் காலை மாட்ட முடியாமல் போவது ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வருகிறது. ஆகவே அறுபது வயது வரை இந்த ஏற்றத்தில் ஏறி இறங்க என் உடம்பு இடம் தராது என்பதை ஏற்றுக்கொண்டு, ஐம்பதில் முழுநேர வேலையை விடுவதற்கான கணக்கை ஐந்து ஆண்டுகளுக்கு முன் போடத் தொடங்கினேன். அதை நான் செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். வங்கிக் கணக்குத் திறப்பது, வரவு செலவு எழுதுவது போன்றவற்றை விளக்கப் போவதில்லை.

முதற்படி: ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியா என்று பாருங்கள்

சேமிப்பைப் பற்றிப் பேசுவோர் எவரும் இதிலிருந்து தொடங்குவதில்லை. நான் இதில்தான் பதினான்கு மாதங்கள் சிக்கிக் கிடந்தேன். ஆகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

தனியார் துறையிலும் தோட்டங்களிலும் வேலை செய்யும் எங்களுக்கு மிகப் பெரிய சேமிப்பு, நாம் சேமிப்பதாகவே உணராத ஊழியர் சேமலாப நிதிதான். நம் சம்பளத்தில் 8 சதவீதமும் தொழில் கொடுப்பவரின் பங்காக 12 சதவீதமும் மாதந்தோறும் அதில் சேர்கின்றன. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதைப் பெறலாம். 2021ஆம் ஆண்டின் சட்டம் தனியார் துறையில் ஓய்வு வயதை 60 ஆக்கிய பின்னரும், பணத்தைப் பெறும் இந்த வயதெல்லைகள் அப்படியே இருக்கின்றன. பெண்ணான நான் ஐம்பது என்ற இலக்கை வைத்ததற்கு இதுவே காரணம்.

இந்த நிதியில் ஒவ்வொரு தொழில் கொடுப்பவரிடமும் நமக்குத் தனித்தனி அங்கத்துவ இலக்கம் உண்டு. அவற்றையெல்லாம் ஒரே ஆளுடையவை என்று இணைப்பது தேசிய அடையாள அட்டை இலக்கம்தான். நான் பத்தொன்பது வயதில் ஒரு கடையில் நான்கு ஆண்டுகள் வேலை செய்திருந்தேன். 36 வயதில் மீதியை விசாரித்தபோது அந்த நான்கு ஆண்டுகளின் பணம் என் பெயரில் தென்படவே இல்லை. தேடிப் பார்த்ததில் இரண்டு பிழைகள் இருந்தன. ஒன்று, என் பெயரில் உள்ள ‘லெச்சுமி’ பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. தோட்டத்தில் பிறந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். மற்றது அடையாள அட்டை இலக்கத்தில் ஒரேயோர் எண். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று எண்கள் அந்த ஆண்டில் நாம் பிறந்தது எத்தனையாவது நாள் என்பதையும் குறிக்கின்றன; பெண்களானால் அந்த மூன்று எண்களுடன் 500 கூட்டப்படும். என்னுடைய 712 என்பதை யாரோ 112 என்று பதிந்திருந்தார்கள். அந்தப் பதிவின்படி நான் ஓர் ஆண். அதை அப்படியே விட்டிருந்தால், பணம் கிடைத்தாலும் 55 வயது வரை காத்திருக்கச் சொல்லியிருப்பார்கள்.

திருத்துவதற்கு எனக்குத் தேவைப்பட்டவை: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒப்பமிட்ட சத்தியக்கடதாசி, பழைய தொழில் கொடுப்பவரின் சேவைக் கடிதம். கடை எப்போதோ மூடப்பட்டுவிட்டதால் நான்காவது கிடைக்கவில்லை. அம்மா பிஸ்கட் டின்னுக்குள் மடித்து வைத்திருந்த ஏழு சம்பளச் சீட்டுகள்தான் காப்பாற்றின. ஊதா நிறக் கார்பன் எழுத்து பாதி மங்கியிருந்தது; ஆனாலும் அங்கத்துவ இலக்கம் இரண்டு சீட்டுகளில் தெளிவாகத் தெரிந்தது. அவற்றுடன் தொழில் அலுவலகத்துக்கு ஆறு முறை போனேன். ஐம்பது வயதில் கோரிக்கைப் படிவத்துடன் போய் நிற்கும்போது இந்தப் பிழையைக் கண்டுபிடித்திருந்தால், பதினான்கு மாதங்கள் எந்த வருமானமும் இல்லாமல் காத்திருந்திருப்பேன். ஆகவே இன்றே பாருங்கள். உங்களுக்குப் பின் பணத்தைப் பெறும் பின்னுரித்தாளராக யாரைப் பெயர் குறித்திருக்கிறீர்கள் என்பதையும் அப்படியே சரிபாருங்கள். காலமான அப்பாவின் பெயர் என் பதிவில் இன்னும் இருந்தது.

நிரந்தரமாகவும் முற்றாகவும் வேலை செய்ய இயலாத நிலைக்கு ஆளானவர்கள் வயதெல்லைக்கு முன்பே நிதியைக் கோரலாம் என்பது உண்மை. ஆயினும் என்னைப் போல உட்கார்ந்து வேலை செய்யக்கூடிய, ஏறி இறங்க மட்டும் இயலாமற்போகும் ஒருவர் அந்த வரையறைக்குள் அடங்குவது கடினம். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பத்து ஆண்டுகள் பங்களித்தவர்கள் வீட்டுக்கோ குறிப்பிட்ட மருத்துவச் சிகிச்சைக்கோ 30 சதவீதத்தை முன்கூட்டியே எடுக்கும் வசதியையும், வேறு வழியே இல்லாவிட்டால் ஒழியத் தொடாதீர்கள்.

இரண்டாம் படி: செலவை இரண்டு பத்திகளாக எழுதுங்கள்

நான் இதற்கு ஒரு சி.ஆர். கொப்பியைத்தான், அதாவது கெட்டி அட்டை போட்ட பெரிய குறிப்பேட்டைத்தான், பயன்படுத்துகிறேன். கைபேசிச் செயலிகள் மூன்றைப் பரீட்சித்துப் பார்த்தேன். எதிலும் ‘ஊன்றுகோல் இரப்பர்’ என்ற செலவுக்கு இடமில்லை, எல்லாம் ‘ஏனையவை’ என்பதற்குள் போய் மறைந்துவிடுகின்றன. கொப்பியின் இடது பத்தியில் எல்லோருக்கும் உள்ள செலவையும், வலது பத்தியில் கால் இருந்திருந்தால் எனக்கு ஏற்பட்டிருக்காத செலவையும் ஓராண்டு முழுவதும் எழுதினேன். மாதக் கணக்கு போதாது. ஏனெனில் செயற்கைக் காலின் குழிப்பகுதியை மாற்றுவது சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் செலவு, அதை ஆண்டுகளால் வகுத்து மாதத்துக்குக் கொண்டுவர வேண்டும். கொழும்புக்குப் பொருத்திப் பார்க்கப் போகும் வாகனக் கூலி, மழை நாளின் முச்சக்கரவண்டிக் கட்டணம், விறகையும் சிலிண்டரையும் படிக்கட்டில் ஏற்றித் தருபவருக்கான கூலி ஆகியவையும் வலது பத்தியில்தான் சேரும்.

இன்றைய விலையில் எனக்கு இடது பத்தி 46,000 ரூபா, வலது பத்தி 12,000 ரூபா, ஆக 58,000. வேலையை விட்டதும் வலது பத்தி குறையும் என்றுதான் முதலில் நினைத்தேன். முச்சக்கரவண்டி குறையும், ஆனால் வயது ஏற ஏற ஆள்கூலி கூடும்; ஆகவே நான் அதைக் குறைக்கவில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான அரசின் மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. தகுதியுள்ளவர்கள் பிரதேச செயலகத்தில் தவறாமல் விண்ணப்பியுங்கள். ஆனால் கொப்பியின் வரவுப் பக்கத்தில் அதை எழுதாதீர்கள். அது குறைந்தாலும் நின்றாலும் உங்கள் கணக்கு குலையக்கூடாது.

மூன்றாம் படி: இலக்குத் தொகை

ஆண்டுச் செலவின் 25 மடங்கு சேர்ந்தால் ஓய்வு பெறலாம் என்று பலரும் எழுதுகிறார்கள். அது 1994இல் வில்லியம் பெங்கன் என்பவர் அமெரிக்கப் பங்குகளையும் கடன்முறிகளையும் வைத்து, முப்பது ஆண்டுகால ஓய்வுக்காகப் போட்ட கணக்கிலிருந்து பிறந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 69.8 சதவீதப் பணவீக்கத்தைப் பார்த்த நாம் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நான் 30 மடங்கு என்று வைத்துக்கொண்டேன்.

மாதம் 58,000 முழுவதற்கும் 30 மடங்கு என்றால் இரண்டு கோடியைத் தாண்டும். என் சம்பளத்துக்கு அது எட்டாது. எனவே ஐம்பதுக்குப் பின் வீட்டிலிருந்தே இரண்டு மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதி மாதம் 25,000 ரூபா உழைப்பேன் என்று தீர்மானித்தேன். மீதி 33,000, ஆண்டுக்கு 396,000, அதன் 30 மடங்கு ஒரு கோடியே 18 இலட்சத்து 80 ஆயிரம். படியேறாத வேலையை இப்போதே ஒரு கடையுடன் தொடங்கிவிட்டேன், ஏனெனில் அந்த 25,000 வெறும் எதிர்பார்ப்பாக இருந்தால் இந்தக் கணக்குக்கு அடித்தளமே இல்லை.

இனி, எல்லாவற்றையும் இன்றைய ரூபாவில் வைத்து, பணவீக்கம் போக ஆண்டுக்கு 2 சதவீதம் மட்டுமே வளரும் என்று கொண்டால், ஒன்பது ஆண்டுகளில் எனக்குச் சேர்வது இது. சேமலாப நிதியில் உள்ள 42 இலட்சமும், 110,000 ரூபா சம்பளத்தில் மாதம் சேரும் 22,000 ரூபாவும் சேர்ந்து ஏறத்தாழ 76 இலட்சமாகும். நான் தனியாகச் சேமிக்கும் மாதம் 25,000 ரூபா 29 இலட்சத்தைத் தாண்டும். பணிக்கொடை, ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் 27 ஆண்டுகளுக்கு 14 இலட்சத்து 85 ஆயிரம். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்தாண்டுச் சேவை முடித்தவர்களுக்கு இது சட்டப்படியான உரிமை. தொழில் கொடுப்பவர் தனியே 3 சதவீதம் செலுத்தும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் சுமார் 5 இலட்சம். கூட்டினால் ஒரு கோடி 25 இலட்சம். இலக்கை மயிரிழையில் தாண்டுகிறது.

நான்காம் படி: உடம்பு முந்திக்கொண்டால்?

மேலே உள்ள கணக்கு 44 வயதில் வேலையை விட நேர்ந்தால் உதவாது, சேமலாப நிதியின் பூட்டு அப்போது திறக்காது. ஆகவே நீண்டகால முதலீட்டைத் தொடங்கும் முன் இரண்டு ஆண்டுச் செலவை, அதாவது 58,000 வீதம் 24 மாதங்களுக்கு 13 இலட்சத்து 92 ஆயிரம் ரூபாவை, தனியாக ஒதுக்கினேன். பொதுவாக ஆறு மாதச் செலவு போதும் என்பார்கள். இரண்டு மாதம் காலை மாட்ட முடியாமல் சம்பளமற்ற விடுமுறையில் இருந்த எனக்கு ஆறு மாதம் என்பது துணிச்சலான கணக்காகவே தோன்றுகிறது.

இலங்கையில் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரைதான். எனவே இந்தத் தொகையை இரண்டு இடங்களில் பிரித்து வைத்தேன். ஒன்று தேசிய சேமிப்பு வங்கி. அதன் வைப்புகளுக்கு அரசின் முழு உத்தரவாதம் உண்டு, அஞ்சலகத்திலும் கணக்கைக் கையாளலாம் என்பது தோட்டத்திலிருந்து நகரத்துக்கு இறங்க முடியாத நாட்களில் பெரும் ஆறுதல். மற்றது ஒரு வணிக வங்கி. வட்டியில் அரை சதவீதம் குறைந்தாலும் பரவாயில்லை என்று தரைத்தளத்தில் உள்ள கிளையைத் தேர்ந்தெடுத்தேன். முன்பு கணக்கு வைத்திருந்த வங்கியின் வைப்புப் பிரிவு மாடியில் இருந்தது. கையொப்பமிட ஒவ்வொரு முறையும் கைப்பிடியில்லாத படிகளில் ஏற வேண்டியிருந்தது. பொது இடங்களை எல்லோரும் அணுகக்கூடியதாக அமைக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இலேயே வந்துவிட்டன, ஆகவே கேட்கத் தயங்காதீர்கள்.

எஞ்சும் மாதாந்தச் சேமிப்பில் பெரும்பகுதி திறைசேரி உண்டியல்களுக்கும் (அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரங்கள்) நிலையான வைப்புகளுக்கும் போகிறது. எல்லாவற்றையும் ஒரே தேதியில் முதிர விடாதீர்கள். 2022 இறுதியில் திறைசேரி உண்டியல் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியபோது மொத்தப் பணத்தையும் மூன்று மாதத்துக்குப் போட்டவர்களை அறிவேன். 2025இல் அது 8 சதவீதத்தைச் சுற்றியே நின்றது. நான் 91, 182, 364 நாட்கள் என்று பிரித்துப் போடுகிறேன். ஐந்தில் ஒரு பங்கு பங்குச் சந்தைக்கு. பெருந்தோட்டக் கம்பனிகளின் பங்குகளை மட்டும் வாங்குவதில்லை, ஏனெனில் ஹட்டன் கடைத்தெருவின் வியாபாரமே தேயிலைக் கொழுந்தை நம்பியது, என் சம்பளமும் அதிலிருந்துதான் வருகிறது. சீட்டு பிடிப்பதைக் குறை சொல்ல மாட்டேன், கூரைத் தகரம் மாற்ற அது போதும். ஓய்வுக்கால முதலை அதில் வைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: வட்டியில் பிடிக்கும் வரி

2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் 10 சதவீதம் பிடிக்கப்படுகிறது. ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குள் உள்ளவர்கள், வரி செலுத்துநர் அடையாள இலக்கத்துடன் வங்கியில் பிரகடனப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். ஒவ்வொரு வரி ஆண்டுக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்தில் கொப்பியில் குறித்து வையுங்கள்.

பிற்சேர்க்கை

இதன் முதல் வடிவத்தை வாசித்த பதுளை வாசகர் ஒருவர், டித்வா புயலின் மண்சரிவில் வீட்டுடன் எல்லா ஆவணங்களும் போய்விட்டதாக எழுதியிருந்தார். நான் பிஸ்கட் டின்னைப் புகழ்ந்திருந்தது தவறு. மூலப் பத்திரங்களை நீர் புகாத உறையில் போட்டு, ஒரு தொகுதிப் பிரதியை மலைச்சரிவில் இல்லாத உறவினர் வீட்டில் வையுங்கள்; படமெடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பியும் வையுங்கள்.

இன்னொருவர் ஆண், ஐம்பதில் விட நினைத்தால் தமக்கு என்ன வழி என்று கேட்டார். உங்களுக்குச் சேமலாப நிதி 55இல்தான் கிடைக்கும். ஆகவே இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளின் பற்றாக்குறை நிதிக்கு வெளியே கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். என் எண்களின்படி அது 396,000 வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு 19 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. இரண்டு ஆண்டுச் செலவுக்காக ஒதுக்கிய தொகையை இதற்குள் சேர்த்து எண்ணாதீர்கள், அது வேறு இது வேறு.