“சும்மாயிருப்பீர்கள்” வசனத்தைச் சொல்லிச் சும்மா இருக்காதீர்கள்

நம் வீடுகளில் சுவரில் அடிக்கடி பார்க்கிற வசனம் இது: “கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்.” வேதாகமத்தில் யாத்திராகமம் 14:14. அதற்கு அடுத்த வசனத்தை யாராவது சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களா? அதில் கர்த்தர் மோசேயிடம், ஏன் என்னிடம் முறையிடுகிறாய், ஜனங்களைப் புறப்பட்டுப் போகச் சொல் என்கிறார். எகிப்தைவிட்டுப் புறப்பட்ட இஸ்ரவேலருக்கு முன்னால் கடல், பின்னால் எகிப்து ராஜா பார்வோனின் ரதங்கள். அலறிய ஜனங்களை அமர்த்தத்தான் மோசே அப்படிச் சொன்னார். கடலைப் பிளந்தது கர்த்தர், ஆனால் அதற்குள் இறங்கி நடந்தது அவர்களுடைய கால்கள். வேலைக்கு விண்ணப்பமே போடாமல் “கர்த்தர் வாசலைத் திறப்பார்” என்று உட்கார்ந்திருப்பது, படிக்காமல் விட்டுவிட்டுப் பரீட்சையன்று காலையில் பேனாவை நீட்டி ஜெபம் பண்ணச் சொல்வது, மன்னிப்புக் கேட்க வேண்டிய தம்பி வீட்டுக்குப் போகாமல் மாதக்கணக்கில் “அதற்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே இருப்பது, எல்லாம் சோம்பலுக்கு விசுவாசம் என்று பெயர் வைக்கிற வேலைதான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. களைப்பைச் சோம்பல் என்று நினைத்துத் தன்னையே திட்டிக்கொள்வது. தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே என்றபோது தூதன் வந்து கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். அவர் சாப்பிட்டு மறுபடியும் படுத்தார், அப்போதும் திட்டவில்லை, இரண்டாம் தரம் சாப்பிடச் சொன்னான். அந்தப் பலத்தில்தான் ஓரேப் மலை வரை 40 நாள் நடந்தார். கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருக்கிற தாய் அதிகாலை ஜெபத்துக்கு எழும்ப முடியாமல் அழுகிறாள் என்றால் அவளுக்குத் தேவை தூக்கம், பிரசங்கம் இல்லை.

அப்புறம், வேலை கிடைக்காதவரிடம் 2 தெசலோனிக்கேயர் 3:10-ஐ எடுத்து நீட்டாதீர்கள். சாப்பிடவும் கூடாது என்று அப்போஸ்தலன் பவுல் அங்கே சொன்னது வேலை செய்ய ‘மனதில்லாதவனை’. வேலை இல்லாதவரையோ முடியாதவரையோ அல்ல.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கிற தீர்மானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே வருஷத்தில் முழு வேதாகமம், அதாவது 1189 அதிகாரம், நாளுக்கு மூன்றுக்கு மேல். என் பழைய வேதாகமத்தில் ஆதியாகமமும் யாத்திராகமமும் விரல் பட்டுப் பட்டு ஓரம் கறுத்திருக்கும், லேவியராகமம் தாண்டினால் தாள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலே எனக்கு வருத்தமாக இருக்கும். நான்கு நாள் விட்டுப்போனால் 12 அதிகாரத்துக்கு மேல் பாக்கி, கடனை அடைத்த பிறகுதான் இன்றைய பகுதி என்று நினைத்தேன், ஒவ்வொரு வருஷமும் அங்கேதான் நின்றுபோனேன். விட்டுப்போனது போகட்டும், இன்றைக்கு உள்ளதை இன்றைக்கு வாசியுங்கள். ஒரு அதிகாரம் என்றாலும் சரி. நீதிமொழிகளில் சோம்பேறி கேட்பதும் “இன்னும் கொஞ்சம்” தூக்கம்தான், அந்தக் கொஞ்சத்திலேயே அவனுடைய வயல் முழுக்க முள்ளு முளைத்துவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் போனதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மீட்க முடியும்.

கடைசியாக ஒன்று. சபை வேலைக்கு முதல் ஆளாக ஓடுகிறவர்கள் அலுவலகத்தில் கோப்பைத் தள்ளிப்போடுகிறார்கள், வீட்டில் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்திருக்கிறார்கள். எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று செய்யுங்கள் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியபோது, அந்த வரியை நேராக அடிமைகளைப் பார்த்துத்தான் எழுதினார். அவர்கள் கையில் இருந்தது எஜமான் வீட்டு வேலை.