பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒலியைச் சீர்செய்வது எப்படி?

நம் வீடுகளில் பாட்டுக் கேட்பதற்கென்று ஒதுக்கப்படும் அறை பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடிதான், உயரமும் பத்தடி. சிமென்ட் பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை, வழவழப்பான டைல்ஸ் தரை என்று ஆறு பக்கமும் ஒலியைத் திருப்பி அடிப்பவை. அறையின் நடுவில் நின்று பலமாகக் கைதட்டினால், தகரத்தைச் சுண்டியதுபோல் ‘ட்ர்ர்ர்’ என்றொரு வால் தொடர்ந்து வரும். அந்த வால்தான் சாகித்தியத்தின் மெய்யெழுத்துகளைக் குழப்புகிறது. மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவிடுகிறது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி எழுப்பும் தாழ்ந்த கும்காரம் அறையின் ஒரு மூலையில் வீங்கி, இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் காணாமல் போவது வேறொரு கோளாறு. இரண்டுக்கும் மருந்து வேறு என்பது தெரியாததால்தான் பலர் ஆம்ப்ளிஃபயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

முதல் கோளாறைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேச்சு விளங்காத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யப் பணிக்கப்பட்ட வாலஸ் சபைன், வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுகளில் அங்கே கொண்டுவந்து போட்டு, ஒலி அடங்கும் நேரத்தை அளந்து கண்ட சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையின் மொத்த உறிஞ்சலால் (ஒவ்வொரு பரப்பையும் அது உறிஞ்சும் பங்கால் பெருக்கிக் கூட்டியது, சதுர மீட்டரில்) வகுத்தால், ஒலி 60 டெசிபல் தணிவதற்கான நேரம் விநாடியில் கிடைக்கும். நம் அறையின் கன அளவு சுமார் 34 கனமீட்டர், உட்பரப்பு 63 சதுர மீட்டர். பூச்சும் டைல்ஸும் தம்மீது விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கை உறிஞ்சுவதாகக் கொண்டால், காலி அறையில் அந்த நேரம் மூன்று விநாடியை நெருங்குகிறது. இதை 0.4 விநாடிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 14 சதுர மீட்டர் உறிஞ்சல் தேவை. மெத்தை வைத்த சோபாவும், மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரையும், துணி அடுக்கிய திறந்த அலமாரியும் அதில் கணிசமான பங்கைத் தந்துவிடும். மிச்சத்துக்குத்தான் பலகை செய்ய வேண்டும்.

பலகைக்கு 50 மில்லிமீட்டர் தடிமனும் கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியும் உள்ள ராக்வுல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) போதுமானது. ரீப்பர் கட்டையில் சட்டம் அடித்து, உள்ளே ராக்வுல்லை வைத்து, காடாத்துணியால் இழுத்துப் போர்த்த வேண்டும். எந்தத் துணியானாலும் வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு தடையின்றி வெளியேறினால் ஒலியும் உள்ளே போகும். ராக்வுல் அரிக்கும் என்பதால் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு மாட்டினால், அதே பலகை இன்னும் தாழ்ந்த ஒலிகளையும் பிடிக்கும். மழைக்காலத்தில் சுவரின் ஈரமும் ஏறாது. மாட்டும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு முகக்கண்ணாடி போதும்: நீங்கள் கேட்கும் இடத்தில் உட்கார்ந்திருக்க, மற்றொருவர் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டி நகர்த்திவரட்டும், எங்கே ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கேதான் முதல் பலகை. முட்டை அட்டையும் தெர்மாகோலும் ஒட்டுவது வீண் வேலை. பவானி ஜமக்காளம் அழகுதான், ஆனால் மிக உயர்ந்த ஒலிகளைத் தவிர வேறெதையும் அது தொடாது.

ஆனால் இரண்டாவது கோளாறுக்குக் காரணமான மிகத் தாழ்ந்த ஒலிகளை இந்தப் பலகைகள் அசைக்காது. பன்னிரண்டு அடி நீளம் 48 ஹெர்ட்ஸுக்கும், பத்தடி அகலம் 57 ஹெர்ட்ஸுக்கும் ஒத்ததிர்கிறது. உயரமும் பத்தடியாகவே இருப்பதால் அந்த 57 ஹெர்ட்ஸின் வீக்கம் இரட்டிப்பாகிறது. திரைப்பாடல்களில் பேஸ் கிதாரின் 55 ஹெர்ட்ஸ் தந்தியை விரலால் அழுத்தாமல் மீட்டும்போதெல்லாம் அறை உறுமுவது இதனால்தான். அந்த அலையின் நீளம் ஆறு மீட்டர். இரண்டங்குலப் பஞ்சு அதற்கு எம்மாத்திரம்? ஆகவே இங்கே இடமாற்றமே முதல் மருந்து, அதற்குச் செலவும் இல்லை. ஸ்பீக்கர்களைப் பத்தடிச் சுவரின் பக்கம், பக்கச் சுவர்களிலிருந்து சம தூரத்தில் வைத்து, நீளவாக்கில் ஒலிக்க விடுங்கள். பின்சுவரில் சாய்ந்து கேட்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். சுவரருகே தாழ்ந்த ஒலி குவிகிறது, அறையின் நட்டநடுவிலோ 48 ஹெர்ட்ஸ் அறவே மறைகிறது. பின்சுவரிலிருந்து நாலரை அடி தள்ளி நாற்காலியைப் போட்டுத் தொடங்கி, அரையடி அரையடியாக நகர்த்திக் கேளுங்கள். அதற்குப் பிறகும் உறுமல் மிஞ்சினால், மூலைகளில் தரையிலிருந்து கூரைவரை ஆறங்குலத் தடிமனுக்கு ராக்வுல்லை அடுக்கிப் பார்க்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகு குறிப்பிட்ட ஒரு சுரத்துக்கு மட்டும் ‘ஙீ’ என்று ஓர் இரைச்சல் கேட்டால், ஸ்பீக்கரைச் சந்தேகிக்குமுன் இரும்பு பீரோவின் கதவில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால், கதவிடுக்கில் மடித்த துணியைச் செருகினால் போதும்.