கறுப்பு-வெள்ளைத் திரையில் துல்லியமான ஃபோகஸ்

வீடியோ கேமராவில் ஃபோகஸைக் கையால் அமைக்கும்போது வ்யூஃபைண்டரை, அதாவது எடுக்கும் காட்சியைப் பார்க்கும் சிறு திரையை, கறுப்பு-வெள்ளைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. நுண்ணிய விளிம்புகளை நம் கண் நிற வேறுபாட்டைவிட ஒளிர்வு வேறுபாட்டைக் கொண்டே நன்கு பிரித்தறிகிறது என்பதால், வண்ணங்கள் விலகியதும் கூர்மை எங்கே விழுகிறது என்பது எளிதில் புலப்படும். இம்மாற்றம் திரைக்கு மட்டும் உரியதா, பதிவையும் பாதிக்குமா என்பதை முதலில் ஒரு சோதனைப் பதிவெடுத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். கூர்மையான விளிம்புகளை நிறக் கோடுகளால் காட்டும் பீக்கிங் வசதியைச் சிவப்பு நிறத்தில் இயக்கினால், சாம்பல் நிறப் படத்தின்மேல் அக்கோடுகள் பளிச்செனத் தெரியும். ஆனால் அதன் அளவை மிகையாக வைத்தால், சற்றே மங்கிய பகுதியும் கூர்மையானதைப் போல ஏமாற்றிவிடும் என்பதால், குறைந்த அளவையே நான் நம்புவேன். முகத்தை எடுக்கும்போது திரைப்படிமத்தைப் பெரிதாக்கி, இமை முடிகள் தெளியும் இடத்தைச் சற்றே தாண்டும்வரை ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி, பின் அவ்விடத்துக்கே கொண்டுவந்து நிறுத்துங்கள். வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறங்களைச் சீராக்கும் வெள்ளைச் சமநிலையைச் சரிபார்க்கும்போது வண்ணத்துக்குத் திரும்ப மறக்காதீர்கள்.