வயோலா கேட்கப் பழகுவது எப்படி?
வயோலா என்பது வயலினைவிடச் சற்றுப் பெரிய, கனத்த குரல் கொண்ட தந்தி வாத்தியம். அதைக் கேட்பதற்காக தர்மபுரியிலிருந்து பெங்களூருக்கு பஸ் ஏற வேண்டியதில்லை, போன் போதும். ஆனால் ஹெட்போன் கட்டாயம்: அடித் தந்தி சுமார் 131 ஹெர்ட்ஸ், வயலினின் அடித் தந்திக்கு ச-ப தூரம் கீழே, போன் ஸ்பீக்கரில் அதன் கனம் சுத்தமாகத் தெரியாது. தொப்பூர் கணவாய் ஏறும் பஸ்ஸிலும் வேண்டாம், எஞ்சின் உறுமலே எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் ‘லாக்ரிமே’யில் தொடங்குங்கள். 1950-இல் வயோலாவுக்கும் பியானோவுக்கும் எழுதியதை, 1976-இல், அவர் இறந்த அதே வருடம், பியானோவுக்குப் பதில் தந்தி வாத்தியக் குழுவுக்கு மாற்றினார். கால் மணி நேரம்தான். ஜான் டவுலண்ட் என்ற பழங்கால ஆங்கில இசையமைப்பாளரின் பாட்டு ஒன்றின் மெட்டு ஆரம்பத்தில் அடிக்குரலில் லேசாகத் தலைகாட்டிவிட்டு, பலவிதமாக உருமாறி, கடைசியில்தான் தெளிவாக வரும். அதனால் முதலில் கடைசி இரண்டு நிமிடத்தைக் கேட்டு மெட்டை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் முழுசாக. இது கள்ளாட்டம் என்பார்கள் சிலர், சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒன்று மட்டும் கவனம்: ஆரம்பம் மெல்லிசாக இருக்கிறதே என்று வால்யூமைக் கூட்டிவிடாதீர்கள், மெட்டு வருவதற்குச் சற்று முன் பெரிய கொந்தளிப்பு ஒன்று இருக்கிறது.