கத்திரி வைக்காத ஒன்பது நாட்கள்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அதைத் தேடிக் கடைசி வரிக்கு ஓடுவீர்கள். நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன். எனக்கு வந்தது ஃபைப்ரோஅடினோமா, மார்பில் வருகிற, புற்றுநோய் அல்லாத கட்டி. ஆறு மாதம் கழித்து மறுபடி படம் எடுக்கச் சொன்னார்கள். உங்கள் ரிப்போர்ட் வேறாக இருக்கலாம். ஆனால் அது கைக்கு வரும்வரை உள்ள நாட்கள் எல்லோருக்கும் ஒன்றுதான்.

கோத்தகிரியில் பிளவுஸ் தைத்துப் பிழைக்கிறவள் நான். கோயம்புத்தூரில் மேமோகிராம், அதாவது மார்பு எக்ஸ்ரே, எடுத்தபோது தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கவுன்டரில் உறையை நீட்டியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே ‘பைராட்ஸ் 4ஏ, பயாப்ஸி தேவை’ என்று இருந்தது. பைராட்ஸ் என்பது படத்தில் புற்றுநோய் சந்தேகம் எவ்வளவு என்று குறிக்கும் எண். பயாப்ஸி என்பது ஊசியால் துணுக்கு எடுத்துச் சோதிப்பது. அதற்குத் தேதி ஒன்பது நாள் கழித்து. கடையில் நாற்பது பிளவுஸ் காத்திருந்தன.

மூன்றாம் நாள் ஒரு பிளவுஸுக்குக் கை மாற்றித் தைத்துவிட்டேன். கையின் முன்பக்க வளைவைப் பின்பக்கத்தைவிடச் சற்று ஆழமாக வெட்டுவோம். இடது கையை வலது பக்கம் பொருத்தினால் கண்ணுக்குத் தெரியாது. போட்டுக்கொண்டு கையைத் தூக்கும்போதுதான் இழுக்கும். சரி, பிரித்துத் தைத்துக்கொள்ளலாம் என்று அடுத்த துணியை எடுத்தேன். கல்யாணப் பட்டு. கழுத்துக்குச் சாக்பீஸால் வரைந்து கத்திரியை வைக்கும்போது விரல் நடுங்கியது. அப்படியே கீழே வைத்துவிட்டேன். வெட்டுகிற வேலையெல்லாம் பக்கத்துக் கடை மாஸ்டருக்குப் போனது. ஹூக் வைப்பது, ஓரம் மடித்து ஹெம்மிங் செய்வது மட்டும் என்னிடம் இருந்தன. தவறினாலும் பிரித்துவிடலாம்.

பயாப்ஸிக்குக் காத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்: தவறினால் பிரிக்க முடிகிற வேலையை மட்டும் செய்யுங்கள். எனக்கு வந்த யோசனைகளைப் பாருங்கள். சீட்டைத் தள்ளி எடுத்துவிடலாமா, கடையை யாருக்காவது விட்டுவிடலாமா, வளையலை மகள் பெயருக்கு எழுதிவிடலாமா. எல்லாம் இரவு இரண்டு மணி யோசனைகள். ஒரு நோட்டில் எழுதி, பக்கத்திலேயே ‘ரிப்போர்ட் வந்த பிறகு’ என்று குறித்து மூடி வைத்தேன்.

யாரிடம் சொல்வது என்பதும் கத்திரி விஷயம்தான். சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. நான் என் தங்கையிடமும் வீட்டுக்காரரிடமும் மட்டும் சொன்னேன். திருப்பூரில் வேலை செய்யும் மகளிடம் சொல்லவில்லை. பிறகு தெரிந்து இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். அவள் கோபம் நியாயம்தான். ஆனாலும் மறுபடி இப்படி வந்தால் அதையேதான் செய்வேன். நீங்கள் யாரிடம் சொன்னாலும் என்ன வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். “அறிவுரை வேண்டாம், அன்றைக்குக் கூட வா” என்றேன் தங்கையிடம். அவளுக்கும் அது நிம்மதியாக இருந்தது.

விஷயம் எப்படியோ கசிந்து, பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்தார். “ஊசி குத்தினால் பரவிவிடுமாமே, வேண்டாம் கண்ணு” என்றார். அன்று இரவு தூக்கம் போயிற்று. இணையத்தில் தேடியிருந்தால் படங்களையும் பார்த்துத் தொலைத்திருப்பேன். பார்த்த படத்தையும் பிரிக்க முடியாது. மறுநாள் நான்கு கேள்விகளை எழுதிக்கொண்டு டாக்டருக்குப் போன் செய்தேன். ஊசியால் நோய் பரவும் என்ற பயத்துக்காக யாரும் பயாப்ஸியைத் தள்ளிப்போடக் கூடாது என்றார். 4ஏ என்றால் சந்தேகம் உண்டு, ஆனால் குறைந்த சந்தேகம். அப்படி எழுதப்படுகிற நூறு பேரில் புற்றுநோய் என்று வருவது இரண்டிலிருந்து பத்துப் பேருக்குத்தான் என்றார். 4பி, 4சி, 5 என்று போகப் போக அந்த எண் ஏறும். அதனால் ‘அசாதாரணம்’ என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு தவிக்காமல், உங்கள் தாளில் உள்ள எண் எது என்று கேளுங்கள். ஆஸ்பிரின் மாதிரி இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தாங்களாக நிறுத்தக் கூடாது.

படபடப்புக்கு நான் செய்த பெரிய காரியம் தேநீரைக் குறைத்தது. தேயிலைத் தோட்டத்துக்குள் பிறந்து வளர்ந்தவளுக்கு இதைவிடத் தண்டனை கிடையாது. ஒரு நாளைக்கு ஆறு தம்ளர் இரண்டாகியது, மதியத்துக்கு மேல் கிடையாது. நெஞ்சு அடித்துக்கொள்வதில் பாதி அதனால்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. இரவில் விழிப்பு வந்தால் படுத்துப் புரளாமல் எழுந்துவிடுவேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஹூக் வைப்பேன். ஊசி உள்ளே போகும்போது மூச்சை இழுத்து, நூலை இழுக்கும்போது அதைவிட மெதுவாக விடுவேன். பத்துப் பன்னிரண்டு ஹூக்குக்குள் கண் சொருகும். அப்படியும் தாங்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. எனக்குத் தேவைப்படவில்லை, எண்ணைத் தையல் மெஷினில் ஒட்டி வைத்திருந்தேன்.

மலையிலிருந்து போகிறவர்களுக்குத் தனியாகச் சில. ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மண் சரியும்; முதல் நாளே இறங்கிவிடுங்கள். மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் வளைவு வளைவாகத் திரும்புகிற பஸ், பரிசோதனை முடிந்த மார்போடு ஏறிவரச் சுகமாக இருக்காது. நடு இருக்கையில் உட்கார்ந்து, ஒரு சின்னத் தலையணையைப் பக்கவாட்டில் கொடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு நானே முன்பக்கம் பிரஸ் பட்டன் வைத்து, ஒரு சுற்றுத் தளர்வாகப் பருத்தி பிளவுஸ் தைத்துக்கொண்டேன். பரிசோதனை அறையில் புடவை முழுவதையும் கலைக்க வேண்டியிருக்கவில்லை.

பரிசோதனை நினைத்ததைவிடச் சிறியது. ஸ்கேன் பார்த்துக்கொண்டே செய்தார்கள். மரத்துப்போகும் ஊசி போடும்போது சுரீர் என்றது, அவ்வளவுதான் வலி. பிறகு பிரஸ் பட்டன் அடிக்கும் மெஷின் மாதிரி ‘டக்’ என்று ஒரு சத்தம். சத்தத்தை முதலில் ஒருமுறை கேட்கக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் துள்ளியிருப்பேன். முடிந்ததும் அழுத்திப் பிடித்தார்கள். வீட்டில் துணியில் சுற்றிய ஐஸ், இரண்டு நாள் பாரம் தூக்காமல் இருப்பது. நீலமாகக் கன்றியது தானே மறைந்தது. வீக்கம் பெருகினாலோ, இரத்தம் நிற்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே கூப்பிட வேண்டும்.

அப்புறம் ரிப்போர்ட்டுக்கு இன்னொரு காத்திருப்பு. எனக்குத் தீபாவளி விடுமுறையும் சேர்ந்து எட்டு நாள். தாமதமானால் கெட்ட செய்தி என்று மனம் கணக்குப் போடும். எடுத்த துணுக்கை மருந்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக வெட்டி, சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று டெக்னீஷியன் பெண் விளக்கினாள். அவசரப்படுத்தினால் துணி கெடும் என்பது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ரிப்போர்ட்டைப் பஸ்ஸில் பிரிக்காதீர்கள். டாக்டர் எதிரில், கூட ஒருவரை வைத்துக்கொண்டு பிரியுங்கள். ஒரு பிரதியும், எந்த முடிவாக இருந்தாலும் ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டியையும் பிறகு வாங்கிக்கொள்ள முடியுமா என்ற பதிலும் கையில் இருக்கட்டும். இன்னொரு டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்தால் அவைதான் உதவும்.

கை மாற்றித் தைத்த பிளவுஸை மறந்தே கொடுத்துவிட்டிருந்தேன். தீபாவளி கழிந்து அந்த அம்மா வந்து, “தோளில் ஏதோ இழுக்கிறது” என்றார். ஐந்து நிமிடத்தில் பிரித்துவிட்டேன்.