சுண்ணாம்பு நீர் கரைதிறன்: ஒரே பெருக்கலில் விடை

தெளிந்த சுண்ணாம்பு நீரை 25 மில்லி எடுத்து, 0.05 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம் பாருங்கள், அதாவது நிறம் மாறும் வரை அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவிடுங்கள். நிறங்காட்டியான ஃபினால்ப்தலினின் நிறம் மறையும்போது பியூரெட் (அமிலம் ஊற்றும் அளவுக்குழாய்) காட்டும் மில்லி அளவை 0.074-ஆல் பெருக்கினால், லிட்டருக்கு எத்தனை கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு கரைந்திருக்கிறது என்று நேரடியாக வந்துவிடும். 21 மில்லி செலவானால் சுமார் 1.55 கிராம்.

ஒரு மூலக்கூறு கால்சியம் ஹைட்ராக்சைடுக்கு இரண்டு மூலக்கூறு அமிலம் தேவை. கால்சியம் ஹைட்ராக்சைடின் மூலக்கூறு எடை 74.1. இந்த அளவுகளில் மற்ற எண்களெல்லாம் அடிபட்டு, 0.074 மட்டும் மிஞ்சுகிறது.

கரைசலை ஆய்வகத்துப் போர் தண்ணீரில் தயாரிக்காதீர்கள். திருப்பூர், பல்லடம் பக்கம் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று நமக்குத் தெரியும். அதிலுள்ள பைகார்பனேட் சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும், கணக்கும் கெடும். கொதிக்க வைத்து ஆறவிட்ட வாலை வடிநீர்தான் சரி. உலர்ந்த தாளில் வடிகட்டி, உடனே தரம் பாருங்கள். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே போய்விடும். அப்புறம், வெப்பநிலையைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். சூடு ஏறினால் சுண்ணாம்பு குறைவாகவே கரையும், சித்திரை மாத அளவும் மார்கழி மாத அளவும் ஒன்றாக வராது.

அமிலத்தின் செறிவு மாறினால் 0.074-ம் அதே விகிதத்தில் மாறும். மெக்னீசியம் ஹைட்ராக்சைடுக்கு இந்த முறை உதவாது: கரைவது மிகவும் குறைவு, மூன்று நான்கு சொட்டு அமிலத்திலேயே முடிந்துவிடும்.